குவெட்டாவிலிருந்து நாலு நாளில்

முப்பத்தைந்தாம் வருஷத்துக் கோடையில் ஒரு பத்து நாள், பூமி எப்படி அசையும் என்பதைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. வீட்டில் எல்லோரும் ஒரே ஆளை நினைத்துக் கலங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் கலங்கினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. எனக்கு அதிசயமாக இருந்தது. அவ்வளவுதான்.

மதுரையில் தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. முன்பக்கம் டிரங்குப்பெட்டிப் பட்டறை, பின்பக்கம் நாங்கள். எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். அத்தாவின் தம்பி சின்னத்தா. அவர்கள் இருவருக்கும் மூத்த அக்கா, கணவர் இறந்தபின் எங்களோடு வந்து தங்கிவிட்டவர், எனக்குக் குப்பி. தாயில்லாத சின்னத்தாவைத் தூக்கி வளர்த்தவர் குப்பிதான்.

சின்னத்தா அதற்கு இரண்டரை வருஷம் முன்னால் குவெட்டாவுக்குப் போயிருந்தார். இந்தியாவின் வடமேற்கு ஓரத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிற பட்டாள ஊர் அது. பட்டாளத்துக்கு அரிசி பருப்பு கொடுக்கிற ஒரு காண்டிராக்டரிடம் குமாஸ்தா வேலை. அத்தாவுக்கு அதில் இஷ்டமில்லை. பட்டறையைத் தம்பி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். "தகரம் தட்டுறதுக்கா என்னைய இம்புட்டு படிக்க வச்சீங்க" என்று சின்னத்தா கேட்டாராம். ஆளாகித்தான் இந்த வாசப்படியை மிதிப்பேன் என்றும் சொன்னாராம். அதன்பிறகு அண்ணனும் தம்பியும் நேரில் பேசியதில்லை. மாதம் ஒரு கடிதம் வரும். அதை அத்தாதான் கூடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். குவெட்டாவில் பனி விழுகிறது, குவெட்டாவில் ஆப்பிள் மரம் பூத்திருக்கிறது, மேனேஜர் என்னிடம் பிரியமாக இருக்கிறார் என்றெல்லாம் இருக்கும். வாசித்து முடித்ததும் அத்தா "ம்" என்பார். குப்பி மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொல்வார்.

சனிக்கிழமை சாயங்காலம் அத்தா பத்திரிகையோடு உள்ளே வந்தார். வழக்கமாக வாசலில் நின்றே நாலு சேதியை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"குவெட்டாவுல பூகம்பமாம்" என்றார் கடைசியில். "நேத்து விடியுறதுக்கு முன்னாடி. ஊரே இல்லையாம்."

அம்மா கையிலிருந்த சொளகைக் கீழே வைத்தார். குப்பி எழுந்து போய் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு வந்து தொழுகைப் பாயை விரித்து உட்கார்ந்தார். அதன்பிறகு அவர் அந்தப் பாயை விட்டு எழுந்ததை நான் அதிகம் பார்க்கவில்லை.

எனக்கோ கேள்விகள். ஊர் எப்படி இல்லாமல் போகும்? எங்கே போகும்? பூமி பிளந்தால் உள்ளே என்ன இருக்கும், தண்ணீரா, இருட்டா? கிணறு என்ன ஆகும்? ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது பூமி அசைந்தால் ரயிலில் இருப்பவர்களுக்குத் தெரியுமா, தெரியாதா? ரயில்தான் எப்போதும் அசைகிறதே.

ஓதிக்கொடுக்கிற ஹஜ்ரத்திடம் கேட்டேன். நாங்கள் அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்த குர்ஆனின் சின்ன சூரா ஒன்றே பூமி அதிர்வதைப் பற்றித்தான் என்று அவர் சொன்னார். இத்தனை நாள் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன் என்பதில் எனக்குப் பெருமையாகப் போயிற்று. பக்கத்து வீட்டில் ரயில்வே குமாஸ்தா ஒருவர் இருந்தார். அவர் மகள் என் தோழி. அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் போய், குவெட்டா எம்புட்டு தூரம் என்று கேட்டேன்.

"மெட்ராஸ் போகணும். அங்கேருந்து பம்பாய். அப்புறம் கராச்சி. அதுக்கும் மேல மலையேறணும். வண்டி சரியாக் கெடைச்சா ஆறு நாள். கெடைக்கலன்னா ஏழு, எட்டுன்னு ஆகும்" என்றார்.

பட்டறையில் வேலை பார்த்த அண்ணன்தான் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கியவர். ஒரு தகரத்தை இரண்டு பலகைகளின் மேல் வைத்து, அதன்மேல் என் மண் சொப்புகளை வரிசையாக அடுக்கினார். அது ஊர். கீழேயிருந்து மரச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். சொப்புகள் துள்ளின. இரண்டாவது தட்டில் சரிந்தன. மூன்றாவதில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து உடைந்தன. நான் கை தட்டிச் சிரித்தேன்.

உள்ளேயிருந்து குப்பி விசும்பும் சத்தம் கேட்டது. அத்தா வந்து அண்ணன் கையிலிருந்த சுத்தியலை வாங்கி ஆணியில் மாட்டினார். திட்டவில்லை. உடைந்த சொப்புகளைக் குனிந்து தானே பொறுக்கினார். அத்தா குனிந்து எதையும் பொறுக்கி நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை தந்தி கொடுக்கப் போனார். அங்கே தந்திக் கம்பியெல்லாம் பட்டாளத்து வேலைக்கே போதவில்லை, பதில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்களாம். திங்கட்கிழமைப் பத்திரிகையில், ஊரைச் சுற்றிப் பட்டாளம் காவல் போட்டுவிட்டது, வெளியாள் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று இருந்தது. அத்தா பத்திரிகையை வாசித்துவிட்டுப் போட்டதும் நான் எடுத்து எழுத்துக்கூட்டி எல்லாவற்றையும் வாசித்துவிடுவேன். எத்தனை வினாடி அதிர்ந்தது, எந்த வகை வீடுகள் விழுந்தன, யார் யார் திறந்த வெளியில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்ததால் பிழைத்தார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சின்னத்தா வந்தார்.

வாசலில் நிழல் தட்டியது. யாரோ பெட்டி வாங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வெளுத்த சட்டை, கையில் ஒரு துணி மூட்டை. வாசப்படிக்கு வெளியே நின்றவர் உள்ளே வரவில்லை. அம்மாதான் முதலில் பார்த்தார். அவர் போட்ட கூச்சலில் சந்தே கூடிவிட்டது. குப்பி தொழுகைப் பாயிலிருந்து எழுந்து வர முடியாமல் இரண்டு கையையும் ஊன்றித் தவழ்ந்த மாதிரி வந்தார். சின்னத்தாவின் முகத்தை, தோளை, கைவிரலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"எங்கயும் அடிபட்டுச்சாய்யா? எங்கயும் அடிபட்டுச்சா?"

"இல்லக்கா. அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றார் சின்னத்தா.

"ஒண்ணும் சொல்ல வேணாம். மொதல்ல சாப்புடு."

அத்தா பட்டறையிலிருந்து வந்தார். தம்பியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கிட்டே வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். நான்கு நாளாக யார் முன்னாலும் கலங்காத மனிதரின் முதுகு குலுங்கியது. சின்னத்தா மறுபடி எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுத்த வீட்டுக்காரர்கள், பள்ளிவாசல் ஆட்கள், ரயில்வே மாமா எல்லோரும் வந்துவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் நெய்ச்சோறு ஆக்கினார்கள்.

அவர் சாப்பிடும்போது நான் எதிரே உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். வெள்ளி விடியற்காலை பூகம்பம். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். இன்றைக்குச் செவ்வாய்.

"சின்னத்தா, குவெட்டாலேருந்து வர ஆறு நாள் ஆகுமாமே. நீங்க எப்பிடி நாலு நாள்ல வந்தீங்க?"

அவர் கை தட்டிலேயே நின்றது. அம்மா என் தலையில் குட்டினார். "புள்ள உசுரு தப்பி வந்திருக்கு, இது நாள் எண்ணுது."

"பட்டாளத்து ரயிலும்மா. எங்கயும் நிக்காது" என்றார் சின்னத்தா.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் உறுதி செய்துகொள்ள ரயில்வே மாமாவிடம் போனேன். எங்கேயும் நிற்காமல் ஓடினால் ரயில் நான்கு நாளில் வருமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதை வேற யார்கிட்டயும் கேக்காத பாப்பா" என்றார்.

அன்று சாயங்காலமே கூடத்தில் கூட்டம் நிறைந்துவிட்டது. எல்லோருக்கும் பூகம்பத்தைப் பற்றித் தெரிய வேண்டும். கூட்டம் சேருவதற்கு முன்னால் சின்னத்தா என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டு, "பேப்பர்ல என்னம்மா போட்டிருந்தான்?" என்று கேட்டார். குவெட்டாவிலிருந்தே வந்த ஒருவர் என்னிடம் கேட்கிறார் என்ற குஷியில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பட்டறை அண்ணன் செய்து காட்டிய தகர வித்தையையும் சொன்னேன்.

சின்னத்தா பேச ஆரம்பித்ததும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. பூமிக்கு அடியில் ஆயிரம் வண்டி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் என்றார். தகரத்தின்மேல் வைத்த சொப்பு மாதிரி வீடுகள் துள்ளின என்றார். திறந்த வெளியில் கட்டில் போட்டுப் படுத்திருந்ததால் பிழைத்தேன் என்றார். நான் வாசித்துச் சொன்னதெல்லாம் அப்படியே நடந்திருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் எவ்வளவு சரியாக எழுதுகிறார்கள் என்று வியந்தேன். அத்தா தூணில் சாய்ந்து தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

புதன்கிழமை இன்னொரு வேடிக்கை நடந்தது. தபால்காரர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். குவெட்டாவிலிருந்து சின்னத்தா எழுதிய கடிதம்.

எழுதியவர் கூடத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, கடிதம் வந்து சேர்கிறது. எல்லோரும் சிரித்தோம். "பூகம்பத்துக்கு முன்னால போட்டிருப்பான். அவன் முந்தி வந்துட்டான், லெட்டர் பிந்தி வருது" என்றார் அம்மா. அத்தா பிரித்து வாசித்தார். இங்கு குளிர் நன்றாகக் குறைந்துவிட்டது, எல்லோரும் வெளியில் படுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று இருந்தது.

சின்னத்தா மட்டும் சிரிக்கவில்லை. அண்ணனிடமிருந்து கடிதத்தை வாங்காமல், அது வந்த உறையை வாங்கினார். அதில் எங்கள் விலாசம் எழுதியிருந்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தபால் முத்திரையைத் தடவினார். பிறகு அதை மடிக்காமல் சட்டைக்குள், நெஞ்சுப் பக்கம் செருகிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். கிணற்றடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். தன் கடிதத்தின் உறையைத் தானே இவ்வளவு ஆசையாக எடுத்து வைத்துக்கொள்கிற மனிதரை நான் கண்டதில்லை.

"சின்னத்தா, பூமி பிளந்தா உள்ள என்ன தெரியும்?" என்று கேட்டேன்.



வியாழக்கிழமை சாயங்காலம், அசர் தொழுகை முடிந்த நேரம். சின்னத்தாவிடம் கதை கேட்க மறுபடியும் பத்துப் பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பட்டறை வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். முழங்கால்வரை புழுதி. தலையில் துண்டு. அத்தா எழுந்து போனார்.

"ராவுத்தரய்யா, நான் திருவாதவூர்லேர்ந்து நடந்து வாரேன். இங்க குவெட்டாவுலேர்ந்து ஒரு புள்ள வந்துருக்கதா சந்தையில சொன்னாக. எம் மகனும் அங்கதான் இருக்கான். ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிருவேன்."

அத்தா அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து உட்கார வைத்தார். அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அந்தக் குரலைக் கேட்டதுமே சின்னத்தா எழுந்து உள் அறைக்குள் போய்விட்டதை நான் மட்டும் பார்த்தேன். கூப்பிடப் போனேன். அறையில் அரிசி மூட்டைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். 

"சின்னத்தா, உங்களத்தான் தேடி வந்திருக்காங்க."

அவர் கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். பெரியவர் பார்த்தவுடன் எழுந்துவிட்டார்.

"தம்பி, நீங்களா. உங்களத் தெரியுமே. அன்னைக்கு ஸ்டேசன்ல ரெண்டு பேரும் ஒரே பெட்டியிலதான ஏறுனீக. எம் மகனோட ஒரே ரூம்புலதான இருந்தீக." பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது. பாதிக் கவலை தீர்ந்தவர் மாதிரி இருந்தார். "அவன் எங்கய்யா? உங்க கூட வரலையா? அடிபட்டுருந்தாலும் சொல்லுங்க தம்பி. உசுரோட இருக்கானா, அத மட்டும் சொல்லுங்க."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சின்னத்தாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கு ஆவலாக இருந்தது. இரண்டு நாளாகக் கூடத்தில் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவர் தயங்கியதே இல்லை. உங்கள் மகனும் என்னோடு வெளியில்தான் படுத்திருந்தான், பத்திரமாக இருக்கிறான் என்று சொன்னால் பெரியவர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போய்விடுவார். எனக்கே தெரிந்தது.

சின்னத்தா வாயைத் திறந்தார். மூடினார். பிறகு பெரியவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியாதுங்கய்யா. நான் அங்க இல்ல."

"அங்க இல்லைன்னா?"

"பூகம்பத்தன்னைக்கு நான் குவெட்டாவுல இல்லய்யா. நான் அங்கேருந்து வந்து ஒன்னரை வருசமாச்சு. சமயநல்லூர்ல, ஒரு அரிசி மில்லுல வேல பாக்குறேன்."

சமயநல்லூர் எங்கள் வீட்டிலிருந்து எட்டு மைல்.

பிறகு அவர் தலையை நிமிர்த்தாமலே எல்லாவற்றையும் சொன்னார். முதல் குளிர்காலத்திலேயே நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டாராம். இரண்டு மாதம் அந்தப் பெரியவரின் மகன்தான் கஞ்சி வைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டாராம். தேறினாலும் பழைய மாதிரி வேலை பார்க்க முடியவில்லை. ஒரு வருஷம் முடிவதற்குள் காண்டிராக்டர் வேலையை விட்டு நிறுத்திவிட்டார். ஊருக்கு ரயில் ஏறினார். ஆளாகித்தான் வருவேன் என்று சொன்ன சொல் வழியெல்லாம் கூடவே வந்தது.

"டிக்கெட் மதுரைக்குத்தான் எடுத்திருந்தேன். சமயநல்லூர்ல வண்டி நின்னுச்சு. இன்னும் ஒரு ஸ்டேஷன்தான். என்னால முடியல. எறங்கிட்டேன்."

கடிதங்களைச் சமயநல்லூரில் எழுதி, குவெட்டாவில் இருக்கிற அந்தச் சிநேகிதனுக்கு அனுப்புவாராம். அவன் வேறு உறையில் போட்டு, எங்கள் விலாசத்தைத் தன் கையால் எழுதி, அங்கிருந்து எங்களுக்குத் தபாலில் சேர்ப்பானாம். எட்டு மைல் வரவேண்டிய கடிதம் இந்தியாவைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. பனி விழுந்ததும் ஆப்பிள் பூத்ததும் அவன் கண்ணால் பார்த்து எழுதி அனுப்ப, இவர் அதைப் பார்த்து எங்களுக்கு எழுதியதாம்.

குப்பி மெல்லக் கேட்டார். "எட்டு மைல்லயாடா இருந்த?"

சின்னத்தா அண்ணனைப் பார்த்தார். "அண்ணே, செவ்வாக்கெழம சொல்லத்தான் வந்தேன்."

"தெரியும்" என்றார் அத்தா. "எனக்கும் நாள் எண்ணத் தெரியும்."

அந்தக் கணத்தில் எனக்கு அத்தாமேல் கோபம்தான் வந்தது. அவரும் எண்ணியிருக்கிறார், குட்டு மட்டும் எனக்கு.

பெரியவருக்கு இந்தக் கதை எதுவும் மனதில் ஏறவில்லை. அவர் ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தார். "அப்ப எம் மகனப் பத்தி ஒண்ணும் தெரியாதா தம்பி?"

சின்னத்தா சட்டைக்குள்ளிருந்து அந்த உறையை எடுத்தார். "இது நேத்து வந்துச்சுங்கய்யா. பூகம்பத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி தபால்ல சேத்திருக்கான். இந்த எழுத்து உங்க மகன் எழுதுனது."

பெரியவருக்கு வாசிக்கத் தெரியாது. உறையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அத்தா நேராக்கிக் கொடுத்தார். எங்கள் விலாசம் எழுதியிருந்த அந்த மூன்று வரிமேல் பெரியவர் விரலை வைத்து, எறும்பு ஊர்கிற வேகத்தில் கடைசிவரை கொண்டுபோனார். பிறகு மறுபடியும் முதல் வரிக்கு வந்தார். கதை கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள்.

"நான் போறேன்யா" என்றார் சின்னத்தா. "போய்த் தேடுறேன்."

"ஊருக்குள்ள விடலைன்னு சொல்றாங்களே" என்றார் அம்மா.

"உசுரு தப்புனவங்கள ரயில்ல ஏத்தி வேற வேற ஊருக்கு அனுப்புறாங்களாம். கராச்சி, லாகூர்னு. எங்கயாச்சும் இருப்பான். காயம்பட்டுக் கெடந்தா அவனுக்கு யாரு கஞ்சி வைப்பா?"

பெரியவர் தானும் வருவதாகத்தான் நின்றார். அத்தா அவரைச் சமாதானப்படுத்தி அன்றைக்கு எங்கள் வீட்டிலேயே தங்கவைத்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் சின்னத்தா கிளம்பினார். எங்கள் பட்டறையில் செய்த புதுப் பெட்டி ஒன்றில் குப்பி அவருக்குத் துணிமணி வைத்தார். கம்பளி இல்லையே என்று தன் தடித்த போர்வையை அடியில் வைத்தார். பெட்டியை மூடும்போது, "எட்டு மைலு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஸ்டேஷனுக்கு நானும் போனேன். பெரியவர் சின்னத்தாவின் கையை ஜன்னல் வழியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி கிளம்புகிற நேரத்தில் அத்தா கிட்டே போய், "வழியில எங்கயும் எறங்கிறாத" என்றார். சின்னத்தா அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்தாரா, அழுதாரா என்று இப்போது யோசித்தால் நிச்சயமில்லை.

அவர் திரும்பி வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்து நான் நான்காம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஸ்டேஷனில் இறங்கியவர் நேராக வீட்டுக்கு வரவில்லை. திருவாதவூருக்குப் போய்விட்டார். அங்கே மூன்று நாள் இருந்துவிட்டு நான்காம் நாள்தான் எங்கள் வாசலுக்கு வந்தார். இந்த முறை வெளியே நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து குப்பியின் பக்கத்தில் உட்கார்ந்தார். தாடி வளர்ந்திருந்தது. பெட்டி இருந்தது, போர்வை இல்லை.

பெரியவர்கள் பேசிக்கொண்டதில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். கராச்சி முகாமில் அதே காண்டிராக்டரிடம் வேலை பார்த்த ஒருவரை, வாரக்கணக்கில் தேடியபிறகு சின்னத்தா கண்டுபிடித்திருக்கிறார். பெரியவரின் மகன் அன்று உள்ளேதான் படுத்திருந்தான், அந்த வீட்டிலிருந்து யாரும் எழுந்து வரவில்லை என்று அவர் சொல்லிவிட்டாராம். போர்வையை முகாமில் யாருக்கோ போர்த்திவிட்டு வந்திருக்கிறார்.

அத்தா வெளியே போகும்வரை காத்திருந்தேன். பிறகு சின்னத்தாவின் எதிரே போய் உட்கார்ந்தேன். ஒன்றரை மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் என்னிடம் இருந்தன.

"சின்னத்தா, பூமி பிளந்த எடத்தப் பாத்தீங்களா?"

"ஊருக்குள்ள விடலம்மா."

"வீடெல்லாம் விழுந்து கெடந்துச்சா?"

"பாக்கல."

"ரயில்ல வந்தவங்கள்லாம் என்ன சொன்னாங்க? சத்தம் எப்பிடி இருந்துச்சாம்?"

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன். அவர் என் பின்னலின் நுனியில் அவிழ்ந்திருந்த நாடாவை மெதுவாக முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டார்.

"கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா" என்றார்.

தண்ணீரைக் கொடுத்துவிட்டு நான் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். என் தோழி அவர்கள் வீட்டுக் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதில் ரகசியமாகச் சொன்னேன்.

"எங்க சின்னத்தா இந்தத் தடவையும் குவெட்டாப் பக்கம் போகல. சமயநல்லூர்லதான் இருந்திருக்காரு."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"போயிருந்தா சொல்லியிருப்பார்ல" என்றேன்.